காட்டுவழி மருதுவின் அக்கா

தங்கப்பொண்ணு பர்மாவிலிருந்து நடந்தே வந்தவள் என்பது அமீன் அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை. அந்த யுத்த வருஷங்களில் அப்படி நடந்து வந்தவர்கள் மதுரையில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் ஊர் கேட்டு அலுத்துப்போயிருந்தது.

அவள் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. நிலம் நீச்சு கிடையாது. அப்பா வீரணன் ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் மூட்டை சுமந்தார். குடும்பமும் அங்கேதான் இருந்தது. ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின வருஷம், தாய் மலையம்மாள் வயிற்றில் கட்டி என்று வைத்தியத்துக்காக ஊருக்கு வந்தாள். அவள் தேறித் திரும்புவதற்குள் கப்பல் நின்றுவிட்டது. ரங்கூனில் முதல் குண்டு விழுந்த அன்று வீரணன் படகுத்துறையில் வேலையாக இருந்தார். உடம்புகூடக் கிடைக்கவில்லை. பதினாறு வயதுத் தங்கப்பொண்ணு, எட்டு வயதுத் தம்பி சோணைமுத்துவைக் கையில் பிடித்துக்கொண்டு, வடக்கே மலைகளைப் பார்த்துப் போன கூட்டத்தோடு நடந்தாள். ஐந்து மாதம் கழித்து உசிலம்பட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அவள் மட்டும்தான் இறங்கினாள்.

"தம்பி வாந்திபேதியில போயிட்டான் ஆத்தா. எம் மடியிலதேன் உசுரு போச்சு. நாந்தேன் குழி தோண்டிப் பொதச்சேன்" என்று தாயிடம் சொன்னாள்.

மலையம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு, "மடியில போட்டுக்கிட்டேல்ல? அது போதும்டி" என்றாள். அதன் பிறகு மகளை அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வருஷம் மழை இல்லை, காட்டில் வேலையும் இல்லை. தூரத்து உறவுக்காரியான ராமக்காள் மதுரையில் அமீன் அச்சகத்தில் தாள் மடித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் தங்கப்பொண்ணுவைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தாள். அச்சாகி வருகிற பெரிய தாளை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம்; அதற்குப் பாரம் என்று பேர். ஓரத்தை மூங்கில் தகட்டால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தங்கப்பொண்ணுக்கு எழுத்து தெரியாது. பக்க எண்ணின் வடிவத்தைப் பார்த்தே மடிக்கப் பழகிக்கொண்டாள்.

அச்சகத்தில் புரூப் பார்ப்பவர் அப்துல் வஹீது. முப்பது வயது இருக்கும். மெலிந்த மனிதர், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். குழந்தைகளுக்குச் சின்னச் சின்னக் கதைகள் எழுதுவார். முதலாளி நூருல் அமீன் அவரிடம், யுத்தத்தை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய சாகசக் கதை எழுதித் தரச் சொல்லியிருந்தார். வஹீது மதுரையைத் தாண்டி அறியாதவர். யுத்தம் என்றால் அவருக்கு மண்ணெண்ணெய் வரிசைதான்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவர் தாள் மடிக்கிற பைண்டிங் கட்டுக்கு வந்து, தங்கப்பொண்ணு எதிரே காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"தங்கம், ஒண்ணு கேக்கலாமா? அந்த வழியில வரும்போது சின்னப் பிள்ளைங்க என்ன விளையாடுவாங்க?"

அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்று ஊரில் கேட்டிருக்கிறார்கள். ஜப்பான்காரனைப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு யோசித்தாள்.

"லாரி எண்ணுவாங்கண்ணே. வெள்ளக்காரங்க போற லாரி. அவங்களுக்கு வேற பாதை. எங்கள அதுல விடமாட்டாங்க. நாங்க மேல செங்குத்தா ஏறிப் போவோம், கீழ அவங்க லாரி போகும். எந்தம்பி ஒரு நா நாப்பத்தேழு வரைக்கும் எண்ணுனான்."

அன்று ஆரம்பித்தது. தினமும் மத்தியானம் வஹீது வருவார், அவள் சொல்லுவாள். தம்பிக்கு இடதுகைப் பழக்கம். சோற்றில் இடதுகையை வைத்ததற்கு அப்பாவிடம் அடி வாங்குவான். மில்லில் உமி எரித்துக் கொட்டின சாம்பல் மேட்டில், மேலே ஆறியிருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, இடது பாதம் முழுக்க வெந்து தழும்பாகிவிட்டது. அதனால் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான். வஹீது ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு வருஷமாகத் தம்பியின் பேரை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தவளுக்கு, அந்த அரைமணி நேரத்துக்காகக் காலையிலிருந்தே மனம் காத்திருக்கத் தொடங்கியது.

பத்துப் பன்னிரண்டு நாளில், சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததையும் சொல்லிவிட்டாள்.

"அவன் சாகலண்ணே. நான் விட்டுட்டு வந்தப்ப அவன் சாகல."

வஹீது எழுதுவதை நிறுத்தினார்.

"வாந்திபேதி வந்தவன ஒரு நா பூராச் சொமந்தேன். மறுநா என்னால முடியல. கூட்டம் போயிக்கிட்டே இருக்கு. பின்னால தங்குனா புலியோ ஜப்பான்காரனோன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு மரத்தடியில சாச்சு உக்கார வச்சேன். முன்னால போயி எடம் பாத்துட்டு வாரேன்டான்னேன். அவன் என்னிய நம்புனான். 'மெதுவாப் போக்கா, நானும் வாரேன்'னான். நான் மெதுவாப் போகல. ஓடுனேன்."

வஹீதுவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து நோட்டில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

"ஆத்தாவுக்குத் தெரியாதுண்ணே. யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

"அல்லா மேல ஆணையா சொல்ல மாட்டேன்மா" என்றார் வஹீது.

அவர் யாரிடமும் வாயால் சொல்லவில்லை.

முதலில் எழுதியதில் அந்தப் பையன் மரத்தடியிலேயே இறந்துபோனான். அமீன் படித்துவிட்டு எழுதிய தாள்களை மேசைமேல் போட்டார்.

"ஏம்ப்பா வஹீது, இது பிள்ளைங்க படிக்கிற கிதாபா, மய்யித்து வீட்டு ஒப்பாரியா? அதோட இது என்ன, வெள்ளக்காரனுக்கு ஒரு பாதை, கறுப்பனுக்கு ஒரு பாதை? இதை அச்சடிச்சா நாளைக்கு நமக்குப் பேப்பர் பெர்மிட் எவன் தருவான்? பையன் பொழைக்கட்டும். ஒரு கேப்டன் வந்து தூக்கட்டும். ஏரோப்ளேன் ஒண்ணு போடு. நம்ம அவனியாபுரத்துலயே எறங்கட்டும், பிள்ளைங்க துள்ளிக் குதிக்கும்."

வஹீது மூன்று வாரத்தில் மாற்றி எழுதினார். வேண்டாவெறுப்பாக எழுதினார் என்று சொன்னால் பொய். பையன் மரத்தடியிலிருந்து எழுந்து நிற்கிற பக்கத்தை எழுதும்போது, தானே போய் அந்தக் குழந்தையைத் தூக்கி நிறுத்துகிற மாதிரி அவருக்கு இருந்தது. அதைவிட நல்லதாக எதுவும் அவர் அதுவரை எழுதியதில்லை. பையனுக்கு மருது என்று பேர் வைத்தார். புத்தகத்தின் பேர் 'காட்டுவழி மருது'.

பாரங்கள் ஒவ்வொன்றாக பைண்டிங் கட்டுக்கு வந்தன. ராமக்காள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்; கதைப் புத்தகம் வந்தால் மடித்துக்கொண்டே உரக்க வாசிப்பாள். முதல் பாரத்தில் ரங்கூன் வந்தது. இரண்டாவதில் ஒரு பையன் இடதுகையால் சாப்பிட்டான், சாம்பலில் காலைச் சுட்டுக்கொண்டான். தங்கப்பொண்ணு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். தம்பியைப் பற்றி நாலு பேர் கேட்கிறார்கள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. மூன்றாவது பாரத்தின் கடைசிப் பக்கத்தில் அக்கா தம்பியை மரத்தடியில் உட்காரவைத்தாள். 'மெதுவாப் போக்கா, நானும் வாரேன்' என்று ராமக்காள் வாசித்தபோது தங்கப்பொண்ணுவின் கையிலிருந்த தாள் கோணலாக மடிந்தது.

"அடிப் பாவி! உசுரோடயா விட்டுட்டுப் போறா?" என்றாள் ராமக்காள். "இவள்லாம் ஒரு அக்காக்காரியா?"

நான்காவது பாரம் மறுநாள்தான் மெஷினில் ஏறும்.

தங்கப்பொண்ணுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. மேலே என்ன என்று தெரிந்தாக வேண்டும் என்றுதான் இருந்தது. அவள் ஓடிய பிறகு அந்த மரத்தடியில் நடந்தது அவளுக்கே தெரியாது. படித்த மனுஷன், எங்கேயாவது விசாரித்திருப்பாரோ? பர்மாவிலிருந்து வந்த வேறு யாராவது அவரிடம் ஏதாவது சொல்லியிருப்பார்களோ? மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து மெஷினருகில் நின்றாள். மை காயாத தாள் ஒன்றை எடுத்துவந்து ராமக்காள் முன்னால் விரித்தாள்.

"இத வாசி அத்தாச்சி."

ராமக்காள் வாசித்தாள். மருது கண் விழித்தான். எழுந்து நின்றான். தங்கப்பொண்ணு இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஒரு கேப்டன் வந்தார். மருதுவுக்குச் சாக்லேட் கொடுத்தார். மருது ஜப்பான் ஒற்றன் ஒருவனைக் காட்டிக்கொடுத்தான். கேப்டன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு அவனியாபுரத்துக்குப் போகிற ஏரோப்ளேனில் ஏறினார்.

அவள் புரூப் அறைக்குப் போனாள்.

"அவன ஏண்ணே எந்திரிக்க வச்சீங்க?"

வஹீது எழுந்து நின்றுவிட்டார். "கதைம்மா அது. பேரை மாத்திட்டேன்ல."

"பேர மாத்துனீங்க. அவன் சொன்னத மாத்தலியே."

அவர் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார். "அது அம்புட்டு நல்லா இருந்துச்சும்மா. மாத்த மனசு வரல."

அவளுக்கு அழுகை வரவில்லை. "அவனுக்கு யாரும் சாக்லேட் குடுக்கலண்ணே. அந்த லாரிக்காரங்க ஒருத்தன்கூட நிறுத்தல" என்று சொல்லிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். வேறு எங்கும் போக இடமில்லை. நான்காவது பாரத்தை அவள்தான் மடித்தாள், ஐந்தாவதையும் ஆறாவதையும்கூட.

புத்தகம் வெளிவந்த இரண்டு மாதத்துக்குள் மறுபடியும் அச்சேறியது. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வாசலில் வந்து நின்று, மருது இங்கேதானே அச்சானான் என்று கேட்டார்கள். கடிதங்கள் கட்டுக் கட்டாக வந்தன. சிவகங்கையிலிருந்து ஒரு சிறுவன், தன் நாய்க்குட்டிக்கு மருது என்று பேர் வைத்திருப்பதாக எழுதியிருந்தான். திண்டுக்கல்லிலிருந்து ஒரு சிறுமி, அந்தக் கெட்ட அக்காவைக் கேப்டன் ஏன் சுடவில்லை என்று கேட்டிருந்தாள். அமீன் அதை எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டிச் சிரித்தார். வஹீது சிரிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கோடையில் உசிலம்பட்டி பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா நடந்தது. நாலாம் வகுப்பில் முதலாக வந்த இருளாயி என்ற பெண்ணுக்குக் 'காட்டுவழி மருது' பரிசாகக் கிடைத்தது. அவள் மலையம்மாளின் அடுத்த வீட்டுப் பிள்ளை. புத்தகத்தைத் தெருவில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். தெருவே கூடிக் கேட்டது. மலையம்மாள் முறத்தோடு தன் வாசலில் இருந்தாள். இடதுகை வந்தபோது முறத்தைக் கீழே வைத்தாள். வெந்த பாதம் வந்தபோது எழுந்து பிள்ளையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மரத்தடி வந்தபோது, "திரும்ப வாசி தாயி" என்றாள். இருளாயி திரும்ப வாசித்தாள். மலையம்மாள் மூன்றாவது தடவையும் வாசிக்கச் சொன்னாள்.

அந்த மருது தன் மகன்தான் என்று மலையம்மாள் சொல்லிக்கொண்டிருக்கிற விஷயம் பஸ் கண்டக்டர் மூலம் மதுரைக்கு வந்தது. தங்கப்பொண்ணு நேராக வஹீதுவிடம் போனாள்.

"நீங்க வந்து பொய்யின்னு சொல்லுங்க. வேற யாரு சொன்னாலும் ஆத்தா நம்பாது."

வஹீது மறுக்கவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் இருவரும் உசிலம்பட்டிக்குப் போய், அங்கிருந்து நடந்தார்கள். மலையம்மாள் குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வீட்டுக்குச் சாணி மெழுகியிருந்தது.

"இவுகதேன் எழுதுனவுகளா?" என்று மகளிடம் கேட்டுவிட்டு, அவரைக் கும்பிட்டாள். "எம் மகன் எங்கய்யா இருக்கான்?"

"அம்மா, அது கற்பனை. நான் வீட்டுல உக்காந்து எழுதுனது. மருதுன்னு ஒரு பையன் இல்ல."

"மருது இல்லய்யா. சோணைமுத்து."

"அப்படி யாரையும் நான் பார்த்ததில்லம்மா."

மலையம்மாள் அவரைக் கோபமில்லாமல் பார்த்தாள். "பாக்காம எப்படிய்யா தெரியும்? 'மெதுவாப் போ, நானும் வாரேன்'னு அவன் என்னியத்தேன் சொல்லுவான். சந்தைக்குப் போறப்பல்லாம் சொல்லுவான். கால் சரியில்லாத பிள்ள. அது அவன் வார்த்தை. உங்க காதுல அவன் வந்து சொன்னானா, இல்லியா?"

 அவர் பார்வை தங்கப்பொண்ணுவின் பக்கம் போனது. ஒரு கணம்தான். அது போதுமாக இருந்தது.

மலையம்மாள் மகளைப் பார்த்தாள். "மடியில போச்சுன்னியே. குழி தோண்டுனேன்னியே."

தங்கப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள்.

"உசுரோடயா விட்டுட்டு வந்த?"

"ஆமா ஆத்தா."

தாய் அடிப்பாள் என்று நினைத்தாள். தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அடித்திருந்தால் யாராவது வந்து விலக்கியிருப்பார்கள். மலையம்மாள் அடிக்கவில்லை. "அப்படின்னா உசுரோட இருக்கான்" என்றாள். முகம் முழுக்க வெளிச்சம் வந்தது. வஹீதுவிடம் திரும்பி, "அவனியாபுரம் எந்தப் பக்கம்யா?" என்று கேட்டாள்.

அவர் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். புத்தகத்தில் தானே கையெழுத்துப் போட்டு, இது பொய் என்று எழுதித் தருவதாகச் சொன்னார். அவள் காதில் ஏறவில்லை. மறுநாள் இருளாயியின் புத்தகத்தைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவனியாபுரத்துக்குத் தெற்கே கண்மாயைத் தாண்டி, யுத்தத்துக்காகப் போட்ட விமானத் திடல் இருந்தது. சுற்றிலும் முள்கம்பி. மலையம்மாள் வேலிக்கு வெளியே ஒரு உடைமரத்தின் கீழ் உட்கார்ந்தாள். விமானம் இறங்கும்போதெல்லாம் எழுந்து நின்று, இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்ப்பாள். சிப்பாய்கள் முதலில் விரட்டினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஊரில் மாட்டுக்கொட்டம் வைத்திருந்த ஒரு பெண் இரவில் படுக்க இடம் கொடுத்தாள்.

தங்கப்பொண்ணு வேலை முடிந்ததும் கஞ்சியை எடுத்துக்கொண்டு தினமும் நடந்து வருவாள். தாய் அவள் கையால் வாங்கமாட்டாள். கலயத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொள்வாள். அவள் திரும்பி நடந்த பிறகுதான் மலையம்மாள் அதை எடுப்பாள். வஹீது இரண்டு முறை வந்தார். இரண்டாவது முறை மலையம்மாள் அவரிடம், "கேப்டனுக்கு ஒரு காயிதம் எழுதுங்கய்யா" என்றாள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

ஆடி முழுக்க அப்படிப் போயிற்று. ஆவணி பிறப்பதற்குள் யுத்தம் முடிந்தது என்றார்கள். கோரிப்பாளையத்தில் வெடி போட்டார்கள். பள்ளிக்கூடங்களில் மிட்டாய் கொடுத்தார்கள். திடலில் விமானங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு வாரம் ஒன்றுகூட வரவில்லை. கூடாரங்களைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். கடைசி லாரியும் போன சாயங்காலம், தங்கப்பொண்ணு கலயத்தை வைத்துவிட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

மலையம்மாள் திடலைப் பார்த்தபடியே பேசினாள். மூன்று மாதத்தில் மகளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"தண்ணியாச்சும் வச்சிட்டு வந்தியா?"

தங்கப்பொண்ணு வஹீதுவிடம்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சரிபார்க்க உலகத்தில் யாரும் இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்துக்குப் பிறகு தாயிடம் இன்னொரு பொய்யைக் கொண்டுபோய் வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"இல்ல ஆத்தா. ஒரு வாய்தேன் இருந்துச்சு. நாங் குடிச்சிட்டேன்."

"அவன் கேட்டானா?"

"கேட்டான்."

 கண்மாய்ப் பக்கம் மாடுகள் திரும்பிக்கொண்டிருந்தன. மலையம்மாள் கம்பி வேலியைப் பிடித்து எழுந்து, சேலையிலிருந்த புழுதியைத் தட்டினாள். கலயத்தைத் தொடவில்லை. ஊர்ப்பக்கம் நடந்தாள். தங்கப்பொண்ணு பின்னாலேயே போனாள். தாய் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மதுரையில் உசிலம்பட்டி பஸ் நின்றது. மலையம்மாள் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் மூட்டையை வைத்தாள். தங்கப்பொண்ணு கீழேயே நின்றுவிட்டாள்.

வீட்டுக்குப் போன அன்றே மலையம்மாள் புத்தகத்தை இருளாயியிடம் கொடுத்து, "பத்திரமா வச்சிக்க தாயி, நல்ல கதை" என்றாளாம். அடுத்த மார்கழியில் காய்ச்சலில் இறந்தாள். செய்தி மதுரைக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. தங்கப்பொண்ணு போனபோது குழிமேட்டின் மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

தை கடந்ததும் அச்சகத்தில் புத்தகத்தின் இரண்டாம் பாகம் அச்சேறியது. மருது இந்தத் தடவை கப்பலில் சிங்கப்பூர் போகிறான். முதல் பாரத்தை வஹீதுவே சுமந்துவந்து மேசையில் வைத்தார். முன்பக்கம் தலை நரைத்துப்போயிருந்தது. உடனே போகாமல் நின்றார்.

தங்கப்பொண்ணு தாளைப் பார்த்தபடி கேட்டாள்: "அக்காக்காரி இதுல வாராளா?"

"இல்லம்மா" என்றார் வஹீது. "அவளை எடுத்துட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். மூங்கில் தகட்டை எடுத்து, முதல் தாளைத் தன் பக்கம் இழுத்து மடித்தாள்.